அடிபட்ட மின்கலமும் கோலார் தங்கவயலின் பாடமும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றுள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தன் வாழ்நாளில் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. தோண்டுதல் நின்றது; நீர் இறைப்பும் நின்று ஆழ்நிலைகளில் நீர் ஏறியது. ஆனால் பாறை ஓய்ந்துவிடவில்லை. நீர் நிரம்பிய, ஆளரவமற்ற சுரங்கங்களில் பாறை வெடிப்பு அதிர்வுகள் தொடர்ந்ததைத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கருவிகளால் பதிந்து கட்டுரைகளாக வெளியிட்டனர். நூறாண்டுக்கு மேலாகக் குடைந்து காயப்படுத்திய பாறை, காயப்படுத்தியவர்கள் போன பின்னரும் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

பாறை இயக்கவியல் மாணவருக்கு இது பழைய செய்தி. லித்தியம்-அயனி மின்கலத்தின் பாதுகாப்பைக் கணினியில் மாதிரியாக்கும் மாணவருக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டும். அவருடைய துறை இன்று ஒரே கேள்வியில் பெரிதும் உழைக்கிறது: ஒரு மின்கலத்தை நசுக்கினால், துளைத்தால், வளைத்தால் அது எந்த விசையில், எந்தச் சிதைவில் தீப்பற்றும்? இக்கேள்வி தேவையானதுதான். ஆனால் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை சார்ந்த கேள்வி வேறு: அடிபட்டது, தீப்பற்றவில்லை, இனி அதை வீட்டுக்குள் வைத்து மின்னேற்றலாமா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடாத மாதிரி, பாதுகாப்பின் பாதியை மட்டுமே தொட்டிருக்கிறது.

இவ்வாதத்துக்குக் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நகரைச் சுற்றியுள்ள நிலப்பகுதி இன்று இந்தியாவின் மின்சார இருசக்கர வண்டிகள் உருவாகும் முதன்மையான இடங்களில் ஒன்று. அதே கோலார் மாவட்டத்தின் நரசபுரா தொழிற்பேட்டையில், கழற்றி மாற்றக்கூடிய இரு பேட்டரிகளைக் கொண்ட ஸ்கூட்டர் தயாரிக்கப்பட்டிருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர், அப்பால் போச்சம்பள்ளி. சுரங்கம் மூடப்பட்டபின் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இத்தகைய வண்டிகளைச் செய்யவும் ஓட்டவும் போகிறது. ஒரு காலத்தில் பாறைக்குள் தேங்கிய ஆற்றலோடு வாழ்ந்த ஊர், இப்போது அலுமினியப் பெட்டிக்குள் தேக்கிய ஆற்றலோடு வாழத் தொடங்குகிறது.

மின்கலத்துக்குள் நிகழ்வது என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்க்கலாம். ஒரு லித்தியம்-அயனி மின்கலம் என்பது மெல்லிய தாள்களின் சுருள் அல்லது அடுக்கு. ஒருபுறம் அலுமினியத் தகட்டில் பூசிய நேர்மின்வாய். மறுபுறம் தாமிரத் தகட்டில் பூசிய கிராஃபைட் எதிர்மின்வாய். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பிரிப்புப் படலம். எங்கும் ஊறியிருக்கும், எளிதில் தீப்பற்றும் மின்பகுளி. பிரிப்புப் படலத்தின் தடிமன் பொதுவாக 10 முதல் 25 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் படலந்தான் எரிபொருளையும் அதை எரியவைப்பதையும் பிரித்து வைத்திருக்கிறது.

வெளியிலிருந்து ஓர் அடி விழுந்தால் தாள்கள் மடிகின்றன, பூச்சுகள் விரிசலிடுகின்றன, தகடுகள் கிழிகின்றன. படலமும் கிழிந்தால் இருபுறமும் தொட்டு உட்குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. எது எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். நேர்மின்வாய்ப் பூச்சு எதிர்மின்வாய்ப் பூச்சைத் தொட்டால், முன்னதன் மின்தடை மிகுதியால் மின்னோட்டம் ஓரளவு கட்டுப்படும். அலுமினியத் தகடே கிராஃபைட்டைத் தொட்டால் தடையும் குறைவு, வெப்பம் பிறக்கும் இடமும் எளிதில் சிதையும் எதிர்மின்வாய். ஸ்ரீராம் சந்தானகோபாலனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நால்வகைத் தொடுதல்களை ஒப்பிட்டு இவ்வகையே மிகக் கொடியது எனக் காட்டியது. அதன்பின் வெப்பம் படிப்படியாக ஏறுகிறது. ஏறத்தாழ 90 முதல் 120 டிகிரி செல்சியஸில் எதிர்மின்வாயின் மேற்பரப்புக் காப்புப் படிவு சிதைகிறது. 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் படலம் உருகுகிறது. மேலும் உயர்ந்தால் நேர்மின்வாய் ஆக்சைடு உயிர்வளியை விடுவிக்கிறது. அதற்குப்பின் வெப்பமே வெப்பத்தைப் பெருக்குகிறது. வெளியிலிருந்து குளிர்விப்பதால் எளிதில் தடுக்க முடிவதில்லை.

இந்தச் சங்கிலியைக் கணினிக்குள் கொண்டுவர ஆய்வுலகம் கடந்த 30 ஆண்டுகளில் செய்த பணி சிறிதன்று. மின்வேதியியலுக்கு 1993இல் டாயிலும் ஃபுல்லரும் நியூமனும் அமைத்த சமன்பாடுகள் இன்றும் அடித்தளம். வெப்பச் சிதைவுக்கு 2001இல் ஹாட்சர்டும் ஜெஃப் டானும் பிறரும் தந்த மாதிரி இன்றும் பயனில் உள்ளது. இயந்திரச் சிதைவுக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இல்ஹாம் சஹ்ரேயும் தோமாஷ் வியர்ஸ்பிட்ஸ்கியும் 2012இல் ஒரு நல்ல வழி கண்டனர். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் கணினி திணறும்; ஆகவே சுருள் முழுவதையும் நசுங்கும் நுரை போன்ற ஒரே பொருளாகக் கொண்டு, ஃபைனைட் எலிமென்ட் முறையில் சிறு கூறுகளாகப் பகுத்து, சோதனை அளவீடுகளோடு பொருத்தினர். மின்கலத்தை அழுத்தும்போது விசை உச்சம் தொட்டு விழும் நொடியில் மின்னழுத்தமும் விழுவதை அவர்கள் கண்டனர். இதனால் வாகன மோதல் கணக்கீட்டுக்குள்ளேயே பேட்டரியையும் சேர்க்க வழி பிறந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 2010இல் தொடங்கிய திட்டமொன்றும் இயந்திரம், வெப்பம், மின்வேதியியல் மூன்றையும் ஒரே கணக்கில் இணைக்க முயன்றது.

இத்தனையும் மதிக்கத்தக்கவை. குறை எங்கே என்றால், இம்மாதிரிகளின் கடிகாரத்தில் இருக்கிறது. மோதல் மில்லிவினாடிகளில் முடிகிறது. குறுக்குச்சுற்றின் வெப்பம் வினாடிகளிலோ நிமிடங்களிலோ ஏறுகிறது. கணக்கீடு பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். மின்னழுத்தம் விழவில்லை, வெப்பம் ஏறவில்லை என்றால் ‘பாதுகாப்பானது’ என்ற பச்சை நிறம் திரையில் தோன்றும். அந்த மின்கலத்தின் மறுநாளும் மறுமாதமும் கணக்கில் வருவதில்லை.

2011 மே மாதத்தில் அமெரிக்காவில் ஷெவ்ரோலே வோல்ட் கார் ஒன்றைப் பக்கவாட்டில் கம்பத்தின் மீது மோதவிட்டுச் சோதித்தனர். சோதனை முடிந்தது, கார் எரியவில்லை, வளாகத்தில் நிறுத்திவைத்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து அது தீப்பற்றி எரிந்தது. மோதலில் பேட்டரிப் பகுதி சிதைந்து குளிரூட்டும் திரவம் கசிந்திருந்தது. பின்னர் பேட்டரியைச் சுற்றிய அமைப்பு வலுவாக்கப்பட்டது. குளிரூட்டு திரவத்தைக் கண்காணிக்க உணரியும் சேர்க்கப்பட்டது. மோதலின் மில்லிவினாடிகளை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட மாதிரியாயினும், அந்த மூன்று வாரங்களைக் கணக்கிடவில்லையென்றால் அதற்கு அந்தத் தீ தெரிந்திருக்காது.

கசிவு ஒரு வழி மட்டுமே. கிழியாமல் அழுந்தி மெலிந்த படலம் இன்னொரு வழி. அழுத்தத்தால் ஓரிடத்தில் நுண்துளைகள் அடைபட்டால், அயனிகள் அவ்விடத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரிடும். மின்னோட்டம் விளிம்புகளில் குவியும். லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் உலோகமாகவே அங்குப் படியலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஆர்னால்டும் ஜான் கனரெல்லாவும் செய்த ஆய்வுகள் இவ்வகைக் குவிந்த படிவை எடுத்துக்காட்டின. ஒவ்வொரு மின்னேற்றத்திலும் அப்படிவு சிறிது வளரக்கூடும். வெளியே பார்ப்பவருக்கு வண்டி வழக்கம்போல் ஓடும், தூரம் சற்றே குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது குறை, எவருடைய அடியைக் கணக்கிடுகிறோம் என்பதில் இருக்கிறது. இதுவரை வெளிவந்த மாதிரிகளில் மிகுதியானவை கார் விபத்தை மனத்தில் கொண்டவை: ஒரே பெரிய அடி, எஃகுக் கூண்டுக்குள் பேட்டரி. கார்களுக்கான இந்தியத் தரநிலையான ஏஐஎஸ்-038, பேட்டரியை 100 கிலோநியூட்டன் விசையில் நசுக்கும் சோதனையைக் கொண்டுள்ளது. இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கான ஏஐஎஸ்-156 அதிர்வு, அதிர்ச்சி, கழற்றக்கூடிய பேட்டரிக்கு 1 மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்தல் போன்றவற்றை வைத்திருக்கிறது. காருக்குரியது போன்ற நசுக்குச் சோதனை அதில் இல்லை. சிறு வண்டிக்கு அது பொருந்தாது என்பதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தை எது நிரப்புகிறது? இங்குள்ள ஸ்கூட்டர் வேகத்தடையில் அடிவயிறு தட்டுகிறது, சாலைப் பள்ளத்தில் நாள்தோறும் இறங்கி ஏறுகிறது, ஒருக்களித்து விழுகிறது. பேட்டரியைக் கையில் தூக்கி மாடிப்படி ஏறுபவரின் பிடி நழுவுகிறது. எந்த ஒன்றும் தனியாகத் தீயை மூட்டுவதன்று. எல்லாம் சேர்ந்த ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையே உண்மையான சுமை. புதிய மின்கலத்தை ஒருமுறை நசுக்கிப் பெற்ற அளவீடுகளோடு பொருத்திய மாதிரி, பழைய மின்கலம் நூறுமுறை தட்டுப்பட்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் எதுவும் இல்லை.

நாட்டில் எரிந்த வண்டிகளெல்லாம் அடிபட்டவை என்று இதற்குப் பொருளில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டரிலிருந்து பரவிய தீயின் புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டின் தொடர்த் தீ நிகழ்வுகளுக்குப் பின் ஏஐஎஸ்-156 திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. மின்கலம், பேட்டரி மேலாண்மை அமைப்பு, மின்னேற்றி, ஒரு மின்கலத்தின் வெப்பம் அடுத்ததற்குப் பரவுதல் ஆகியவை பற்றிய கட்டுப்பாடுகள் கடுமையாயின. நல்ல மாற்றம். எனினும் இவையனைத்தும் வண்டி விற்பனைக்கு வருமுன் நடக்கும் சோதனைகள். விற்றபின் அடிபட்ட பேட்டரியை யார் சோதிப்பது, எந்த அளவுகோலால் ஏற்பது அல்லது ஒதுக்குவது என்பதற்கு ஆய்வுலகம் இன்னும் உறுதியான விடை தரவில்லை. பேட்டரியின் விலை வண்டி விலையில் பெரும்பங்கு என்பதால், விடை இல்லாத இடத்தில் ‘ஓடுகிறதல்லவா, ஓட்டுவோம்’ என்பதே விடையாகிவிடுகிறது. அம்முடிவின் ஆபத்தை ஏற்பவர் ஒற்றை அறை வீட்டில் கதவோரம் பேட்டரியை மின்னேற்றி வைத்து உறங்குபவர்.

இங்கேதான் கோலார் தங்கவயலின் வரலாறு பயன்படுகிறது. அங்கும் ஆபத்தின் இயல்பு இதுவே. கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள பாறையைக் குடையக் குடைய, எஞ்சிய பாறையில் தகைவு குவிந்தது. திரிபு ஆற்றல் தேங்கியது. ஒருநாள் எச்சரிக்கையின்றி வெடித்தது. பெரிய வெடிப்புக்குப் பின் தொடர் அதிர்வுகளும் வந்தன. வெடித்தபோது கீழே இருந்தவர்களில் மிகுதியானோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். வெடிக்காத நாளில் ‘இன்று பாறை நலம்’ என்று சொல்ல எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

அச்சத்திலிருந்து அறிவியல் எப்படிப் பிறந்தது? முதலில் பதிவேட்டிலிருந்து. ‘ஏர் பிளாஸ்ட்’ என்றும் ‘க்வேக்’ என்றும் அப்போது வழங்கிய நிகழ்வுகளைப் பற்றி மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1904இலேயே தனி அறிக்கை எழுதினார். எங்கே, எப்போது, எந்த ஆழத்தில், எந்த வேலையின்போது என்ற குறிப்புகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன. கோலார் வயலில் பாறை வெடிப்பை ஆராய்ந்த ஐசாக்சன், சுரங்கப் பாறையழுத்தம் பற்றித் தனிநூலை 1958இல் வெளியிட்டார். 1970களின் பிற்பகுதியில் நில அதிர்வு உணரிகளின் வலையமைப்பு நிறுவப்பட்டு, பெரிய வெடிப்புகளுக்கு இடையே பாறை எழுப்பும் சிற்றொலிகளையும் பதியத் தொடங்கினர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அம்மண்ணிலேயே தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் தலைமையகம் பெங்களூருக்குச் சென்றாலும், அதன் வேர் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பதிவு முன்னே வந்தது. கோட்பாடு பின்னே வந்தது. வெடிப்பு நிகழாத இடைவேளையைக் கேட்கும் கருவி அதன்பின் வந்தது. இத்தனைக்குப் பிறகும் இன்ன நாளில் இன்ன இடத்தில் வெடிக்கும் என்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஆயினும் அறிவு வீண்போகவில்லை. மரத்தாங்கல்களின் இடத்தில் கருங்கல் அடுக்குகளும் பின்னர் கான்கிரீட் நிரப்பலும் வந்தன. எந்தப் பகுதியை எந்த வரிசையில் வெட்டுவது என்ற முறை மாறியது. குறிசொல்வதில் மாதிரி தோற்றது. வடிவமைப்பையும் முடிவெடுப்பையும் திருத்துவதில் வென்றது. மின்கல மாதிரியிடமும் இதையே எதிர்பார்க்க வேண்டும்.

மின்கலத் துறையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மென்பொருள் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது, பதிவேடு இல்லை. வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையிலிருந்து பொருட்பண்பு எண்களை எடுத்து, வேறொரு மின்கலத்தின் வடிவத்தில் இட்டு, வண்ணப் படங்களோடு முடியும் ஆய்வேடுகள் பெருகுகின்றன. அந்த எண்கள் எந்த மின்னேற்ற நிலையில், எந்த வேகத்தில், எத்தனை சுழற்சி கண்ட மின்கலத்தில் அளந்தவை என்ற கேள்வி பல வேளைகளில் எழுவதே இல்லை. அளவீட்டோடு ஒப்பிடாத மாதிரி ஓர் ஓவியம்; அதை நம்பி எவரும் மாடிப்படியின் கீழ் வண்டியை நிறுத்தக்கூடாது.

செய்யக்கூடியவை உள்ளன. முதலாவது, அடிபட்ட பேட்டரிகளின் பொதுப் பதிவேடு. நாசாவும் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமும் இணைந்து, நூற்றுக்கணக்கான மின்கலச் சிதைவுச் சோதனைகளின் தரவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டுள்ளன. இங்கு அதற்கு இணையான ஒன்று வேண்டும். இந்தியச் சாலையில், இந்திய வெயிலில், இருசக்கர வண்டியில் பழுதான பேட்டரிகளைக் கொண்டதாக அது அமைய வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் சென்னையில் ஐஐடியும் உள்ளன; வாகனச் சோதனை மையங்கள் புனேயிலும் ஒரகடத்திலும் உள்ளன. குறைவது கருவியன்று, பகிரும் வழக்கம்.

இரண்டாவது, ஆய்வேட்டின் கேள்வியை நீட்டுவது. தீப்பற்றாத அளவுக்கு நசுக்கிய மின்கலத்தை 200 சுழற்சிகள் மின்னேற்றி இறக்கி, அதன் உள்தடையும் தானாக மின்னிறங்கும் வேகமும் எப்படி மாறுகின்றன என்று அளப்பது ஒரு முதுகலை மாணவருக்கும் இயலும் பணி. தீயணைப்பு ஏற்பாடும் காப்புக் கூண்டும் மட்டும் கட்டாயம். அத்தகைய அளவீடுகள் சேர்ந்தால்தான் மில்லிவினாடியையும் மாதத்தையும் இணைக்கும் மாதிரி பிறக்கும். அம்மாதிரியிலிருந்தே பேட்டரி மேலாண்மை அமைப்பு ‘அடிபட்டிருக்கிறேன், பார்’ என்று சொல்லக் கற்கும். சுரங்கத்தில் உணரிகள் சிற்றொலியைக் கேட்டதன் மின்னியல் வடிவம் அது.

மூன்றாவது, தோற்ற கணிப்பையும் வெளியிடுவது. மாதிரி சொன்னதும் சோதனையில் நடந்ததும் மாறுபட்டால், அம்மாறுபாடே அடுத்த ஆய்வாளருக்குப் பயனுள்ள செய்தி. ஒரே மின்கலத்தின் பத்துப் பிரதிகளை ஒரேபோல் நசுக்கினாலும் பத்தும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை. ஆகவே ஒற்றை எண்ணுக்குப் பதில் நிகழ்தகவும் வரம்பும் தருவதே நேர்மை.

தொழில் இரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்கள் தரவைத் தருமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மின்கலத்தின் வேதிச் சேர்க்கையை வெளியிடும்படி எவரும் கேட்கவில்லை. எந்தத் திசையில் அடி, எவ்வளவு உள்நோக்கிய சிதைவு, எத்தனை நாள் கழித்து என்ன நேர்ந்தது என்ற மூன்று விவரங்கள் பெயரின்றி வந்தாலே போதும். தங்கவயலில் இலாபம் ஈட்டிய நிறுவனங்களும் இரகசியம் காத்தவைதாம். ஆனாலும் வெடிப்பு ஒரு சுரங்கத்தின் எல்லையோடு நிற்கவில்லை. அதன் அறிவையும் ஓர் எல்லைக்குள் பூட்டிவைக்க முடியவில்லை.

இன்று ராபர்ட்சன்பேட்டையில் அடிபட்ட ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் வரும் ஒருவர் கேட்பது எளிய கேள்வி: ‘இதை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடலாமா?’ பழுதுபார்ப்பவர் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார், மின்னழுத்தம் அளக்கிறார், தலையசைக்கிறார். சூப்பர் கணினிகளில் ஓடும் அத்தனை மாதிரிகளும் அந்தத் தலையசைப்புக்கு எந்த உதவியும் செய்யாத வரை, அவற்றின் பணி முடிந்ததாகக் கொள்ள முடியாது.